கபூர் காக்கா மறித்த நெருப்பு

கபூர் காக்கா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியைப் பாண் கொண்டுபோகும் ஓட்டோக்காரர்தான் வியாழக்கிழமை காலையில் சொன்னார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். என்னைப் போல மருதமுனையில் விறகு எரித்துப் பாண் சுடும் போறணை வைத்திருக்கும் பேக்கரிக்காரர்களே, உங்கள் புகைக்கூடுகளையும் அவர்தானே துப்பரவாக்கினார். அதனால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

போறணை முழுதாக ஆறாமல் அவர் கூரையில் கால் வைக்கமாட்டார். இடுப்பில் கயிறு கட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டுதான் கம்பி பிரஷ்ஷை இறக்குவார். ஒருமுறை என் புகைக்கூட்டிலிருந்து விழுந்த கரியை நசுக்கிப் பார்த்தார். விரலில் தார் போல ஒட்டியது. "ஈர விறகு எரிக்கிறீங்க தம்பி. இது உள்ளுக்குப் பத்தினா லேசில அணைக்கேலாது" என்றார்.

அந்த வருட நோன்பு மாதத்தில் மூன்று தரம் வந்து கேட்டார். "ஒரு நாள் அடுப்ப ஆறப்போடுங்க, கூட்டத் துப்பரவாக்கித் தாறன்." மூன்று தரமும், "பெருநாள் முடியட்டும் காக்கா, ஓடர் நிறைய இருக்கு" என்று திருப்பி அனுப்பினேன்.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், கூட்டுக்குள் லொறி ஓடுவது போல இரைச்சல் கேட்டது. வெளியே ஓடினேன். கூட்டின் உச்சியில் ஓராள் உயரத்துக்கு நெருப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம், அயல்வீட்டு அக்கா சித்தி ராத்தாவின் கைத்தறிக் கொட்டில். உள்ளே நூல்கட்டுகள், நாலு பெண்கள் நெய்துகொண்டிருந்தார்கள். நெருப்புப் பொறி அந்தக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

என் வேலையாள் வாளியோடு ஏணியில் கால் வைத்தார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்த கபூர் காக்கா அவர் கையைப் பிடித்தார்.

"கூட்டுக்குள்ள தண்ணி ஊத்தப்படா. கல்லு வெடிக்கும். போறணை வாயச் சாத்துங்க, காத்துப் போகப்படா."

தகரக் கதவை அவரே இழுத்து மூடி, இடுக்குகளில் ஈரக் களிமண்ணை அப்பினார். "புள்ளையள வெளியில எடுங்க. அந்தக் கூரைக்கு ஈரச் சாக்குப் போடுங்க. ஆராச்சும் தீயணைப்புக்குப் போன் எடுங்க." இரைச்சல் அடங்க அரை மணித்தியாலம் ஆனது. அதுவரை நான் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரு இந்தக் கூடு பாக்கிற? ஏன் இவ்வளவு நாளும் துப்பரவாக்கல்ல?" என்று சித்தி ராத்தா கேட்டார். நான் கபூர் காக்காவைப் பார்த்தேன்.

"நான்தான் பிந்திட்டன் புள்ள" என்றார் கபூர் காக்கா.

மறுநாள், ஆறிய பிறகு, ஏறிப் பார்த்தார். கூட்டில் விரல் நுழையும் வெடிப்பு. அதை ஒட்டிய கூரை மரம் கருகியிருந்தது. கூட்டைத் திருத்திக் கட்டி முடிக்கும்வரை அடுப்பு மூட்ட விடவில்லை. பெருநாள் ஓடர் எல்லாம் போனது. சித்தி ராத்தாவிடம் ஏன் பழியை உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று அன்று கேட்டேன். "ஒரே மதில்ல இருக்கிற ஆக்கள். கோவத்தோட இருக்கேலா" என்றார்.

அவர் பிந்தியதால்தான் நெருப்புப் பிடித்தது என்ற கதை பரவி, இரண்டு பேக்கரிகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் எங்கும் அந்தக் கதையைத் திருத்தவில்லை.

நேற்று சித்தி ராத்தாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இதச் சொல்ல அவர் மௌத்தாக வேணுமா தம்பி?"

கபூர் காக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் எனக்காகச் சுமந்த பழி. அது என்னுடையது.