உப்பு தின்ற பச்சை

ஆவுடையப்பன் தகரத்தை நக்கிப் பார்க்கிறார். உள்ளங்கை அகலத் துண்டு. ஆறு வாரத்துக்கு முன் கரும்பச்சை அடித்து மொட்டைமாடியில் வைத்தது. ரசத்தில் உப்புப் பார்க்கிறவர் போல ஒரு கணம் கண்ணை மூடுகிறார். "ஏறிட்டு. பக்கா ஏறிட்டு" என்கிறார். பெயிண்டை நக்கக் கூடாது என்று கண்டித்த டாக்டரிடம், "பெயிண்ட யாரு நக்குனா? அதுக்கு மேல இருக்க உப்பத்தான்" என்று ஏற்கெனவே விளக்கம் கொடுத்தாயிற்று.

வயது ஐம்பத்தாறு. வேலை, அந்தமானில் தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. ஓடும் என்பது மரியாதைக்குச் சொன்னது. மெயின்லாண்டிலிருந்து கப்பலேற வேண்டிய ஏதோ ஒரு திருகாணிக்காக மாதக்கணக்கில் படகுத்துறை ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் படகுகளும் உண்டு. நிர்வாகம் வருந்தலாம், ஆவுடையப்பன் வருந்தியதில்லை. அந்தப் படகுகள்தாம் அவருக்குப் பல்கலைக்கழகம். எந்த நிறம் எத்தனையாவது நாளில் பல்லிளிக்கும், எந்த ஆணியிலிருந்து துரு முதலில் வழியும் என்று முப்பது வருடமாக அங்கே படித்திருக்கிறார்.

படித்ததை வீட்டில் விமானமாக்குகிறார். போர்க்காலத்தில் இந்தக் கடலில் இறங்கிய ஜப்பானியக் கடல் விமானம், நாலு எஞ்சின், எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி, சாத்தம் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அவர் வீட்டு மேசையில் ஒன்றேகால் முழ இறக்கையை விரித்து நிற்கிறது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்ட அவருக்கு ஒன்பது நாள். பெயிண்டுக்கு ஏழு மாதம். பெட்டியின் மேல் அச்சடித்த படத்தை அவர் மதிப்பதில்லை. "அது கல்யாண ஆல்பம். குடும்பம் நடத்தினப்புறம் எப்பிடி இருந்துச்சுன்னு பாக்கணும்." சின்ன விமானத்துக்கு அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும் என்று ஒரு சொட்டு வெள்ளை சேர்ப்பார். இன்னொரு சொட்டு சேர்க்கலாமா என்று ஒரு வாரம் யோசிப்பார். புதுச்சட்டையைக்கூட மூன்று முறை துவைத்த பிறகுதான் போடுவார்.

அவருக்கு ஆதாரம், எப்போதோ நகலெடுத்த, அந்த விமானத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. கறுப்பு வெள்ளையில் பச்சையை எப்படிக் கண்டுபிடித்தீர் என்று கேட்பவர்களை, சங்கீதக் கச்சேரியில் போன் பேசியவனைப் போலப் பார்ப்பார். அதற்குத்தான் தகரங்கள். விமானம் இங்கே கிடந்ததாக அவர் நம்பும் ஆறு வாரம் எந்த மாதத்தில் வருகிறதோ, அதே மாதத்தில், அதே வெயிலில், நாற்பது தகரங்கள் மாடியில் காயும். தினமும் காலையில் கடல்தண்ணீர் தெளிப்பு உண்டு.

மனைவி நீலாவதிக்கு வற்றல் போட இடமில்லை. "சப்பான்காரன் தீவ விட்டுப் போயி எம்பது வருசமாச்சி. எம் மாடிய விட்டு இன்னும் போவல" என்பார்.

கொடுமை செய்த படையின் விமானத்துக்கு இத்தனை சீராட்டா என்று கேட்டவரும் உண்டு. ஆவுடையப்பன் துணியில் கை துடைத்தபடி சொன்னது: "சீராட்டல வே. நம்ம வெயிலும் உப்பும் அவன என்ன பாடு படுத்துச்சுன்னு காட்டுதேன். துப்பாக்கியில்லாம சண்ட போட்டது அதுக ரெண்டுந்தான்."

ஆகவே, போன வருடம் அவர் அடித்து அனுப்பிய விமானத்தோடு சென்னை மாடல் போட்டியிலிருந்து திரும்பி வந்த மதிப்பெண் தாள் அவரைச் சுட்டது. 'வெளிறல் மிகை. ஆறு வாரத்தில் எந்த விமானமும் இப்படி ஆகாது.' இதைத் தன்மேல் வந்த குறையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தமான் வெயிலின் மேல் போட்ட பொய்வழக்காக எடுத்துக்கொண்டார். நடுவர் ஹரிஹரனுக்குப் பதினோரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றிலும் ஒரு தகரம்.

தபாலில் தகரம் வந்தால் யாருக்கும் ஒரு பயம் இருக்கும். இந்த பிப்ரவரியில் எல்.டி.சி. பயணச் சலுகை விடுமுறையில் தீவுக்கு வந்த ஹரிஹரன், ஜெயில் பார்ப்பதற்கும் கடற்கரைக்குப் போவதற்கும் நடுவே கிடைத்த அரை நாளில் நேரே இங்கே வந்துவிட்டார். மாடி ஏறினார். தேதி எழுதிய தகரங்களை வரிசையாகப் பார்த்தார். மூக்கில் சன்ஸ்கிரீன் பூசியும் உரிந்திருந்த தன் தோலைத் தடவிக்கொண்டார். அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

"ஒத்துக்கறேன் சார். நான் எழுதினது தப்பு."

கீழே வந்து இந்த வருடத்து விமானத்தைக் கையில் வாங்கினார். வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் போட்டி. விடிந்ததும் ஊர் திரும்புகையில் தன்னோடு விமானத்திலேயே எடுத்துப் போவதாகச் சொன்னார். ஒரு தாளை எடுத்து, 'தீவின் வானிலையை இவ்வளவு துல்லியமாக எந்த மாடலிலும் கண்டதில்லை. முதல் பரிசுக்குப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நீலாவதி ஃபிரிட்ஜில் இருந்த குலாப் ஜாமூனை எடுக்கப் போனார்.

"முக்கியமா இந்த இடது இறக்கை சார். அந்தப் பக்கம் மட்டும் வெளிறி, வலது பக்கம் பச்சை அப்படியே நிக்குது பாருங்க. யாருக்கு வரும் இந்த யோசனை?" என்றார் ஹரிஹரன்.

"ஜெட்டியில கட்டிக் கெடந்தா ஒரு பக்கந்தான சார் வெயிலு காயும். நம்ம படகு பூராம் அப்பிடித்தான்..." ஆவுடையப்பன் நிறுத்தினார். சுவரில் ஒட்டியிருந்த புகைப்படத்தின் அருகே போனார். கண்ணாடியைக் கழற்றி, மூக்கு சுவரில் இடிக்கும் தூரத்தில் நின்றார்.

"அரே."

படத்தில் ஜெட்டியே இல்லை. நடுக்கடலில் ஒரு மிதவை. அதிலிருந்து விமானத்தின் மூக்குக்கு ஒரு கயிறு. ஏழு மாதமாக அந்தப் படத்தில் பெயிண்டை மட்டும் பார்த்திருக்கிறார். கயிறு கண்ணில் படவில்லை.

"சார், தப்பு. மூக்குல ஒத்தக் கயிறு. காத்து மாறுனா சுத்தும், ஓதம் மாறுனா சுத்தும். ரெண்டு பக்கத்தையும் வெயிலு சரிபாதியா தின்னுருக்கும்லா. நான் ஒடஞ்ச படகக் கட்டிப்போட்ட மாதிரில்ல அடிச்சு வெச்சிருக்கேன்."

"நானே கவனிக்கல சார். சென்னையில யார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

"சென்னையில கண்டுபிடிக்க மாட்டாங்கதான்." அதைச் சொன்ன தோரணையில் சென்னைக்குக் கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

நீலாவதி கிண்ணத்தோடு வாசலில் நின்றார். "ஏங்க, இந்த ஒரு தடவ போயிட்டு வரட்டுமே. அடுத்த வருசம் திருத்திக்கிடுங்க. சாரே எழுதிக் குடுத்துட்டாருல்லா?"

"வெயிலு எழுதிக் குடுக்கலையே."

தின்னர் பாட்டிலைத் திறந்தார். பழைய பனியன் துணியைச் சுருட்டி நனைத்தார். மேசையில் சொட்டாமலிருக்க எதையாவது விரிக்க வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு எட்டிய தூரத்தில் ஹரிஹரன் கையெழுத்திட்ட தாள் கிடந்தது. அதை விரித்து, நாலு முனையையும் நீவிவிட்டு, விமானத்தின் இடது இறக்கையை அதன் மேல் பதமாகச் சாய்த்துத் தேய்க்கத் தொடங்கினார்.