ஃபைலை மூடும்போது வந்த தப்பு

கம்ப்யூட்டரில் பெயர்களை ஏற்றுவது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. ஏற்றிய ஃபைலை ஒழுங்காக மூடுவதில்தான் உயிர் போகிறது. இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

நான் ப்ளஸ் டூ கணக்கில் ஃபெயில். மறுபடி எழுதப் பொறுமையில்லை. டைப்ரைட்டிங் தெரியும் என்பதால் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரஹ்மத் பாய் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். சென்டர் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஒரு ஏ.சி. ரூம். ஜில்லாவிலேயே மூணாவது கம்ப்யூட்டர் என்று பாய் பெருமையாகச் சொல்வார். மற்ற இரண்டை நான் பார்த்ததில்லை. புரோகிராம் எழுத, பெங்களூரில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த குமரேசண்ணன். என்னோடு டைப் அடிக்க மாதேஷ்.

அந்த மாசம் வந்த வேலை, இலவசக் கண் ஆபரேஷன் முகாமுக்குப் பட்டியல். ஊர் ஊராக வந்த சீட்டுகளைப் பார்த்துப் பெயர்களை அடித்து, ஊர்வாரியாக அடுக்கி, அச்சடித்துத் தர வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் இடம். இல்லாவிட்டால் அடுத்த முகாம் எப்போதோ.

எங்கள் சென்டருக்கு எதிரே ஒரு புளி மண்டி. அங்கே கொட்டை எடுக்கிற மாதம்மாக்காவின் சீட்டை நானேதான் கையில் வாங்கினேன். இரண்டு கண்ணிலும் புரை. தடவித் தடவித்தான் கொட்டை எடுக்கிறார். புளியில் கொட்டை தங்கிவிடுகிறது, கண்ணைச் சரி பண்ணிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார். அக்கா தினமும் எங்கள் வாசலில் வந்து நின்று கேட்பார்: “எம் பேரு ஏறிடுச்சுங்களா?” நானும் தினமும் சொல்வேன்: “ஏறிடுச்சு, போங்க.”

சிவப்பு விளக்கு

நல்லம்பள்ளிச் சீட்டுகளை அடித்து முடித்த சாயங்காலம். ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. கடைசிப் பெயரை அடித்தேன், பெயர்கள் பதிகிற ஃப்ளாப்பித் தகட்டை வெடுக்கென்று உருவினேன், ஓடினேன். உருவும்போது பெட்டியில், இன்னும் எழுதுகிறேன் என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் உருவினேன்.

மறுநாள் போட்டுப் பார்த்தால், மத்தியானத்துக்கு மேல் அடித்த பெயர் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் குமரேசண்ணன் விளக்கினார். நாம் அடிக்கிற பெயரெல்லாம் உடனே ஃப்ளாப்பிக்குப் போவதில்லையாம். கம்ப்யூட்டர் கொஞ்சம் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு கத்தை கத்தையாக எழுதுமாம். எதுவரை எழுதினோம் என்று ஃப்ளாப்பியில் குறித்து வைப்பதே ஃபைலை மூடும்போதுதானாம். சீட்டுகள் பத்திரமாக இருந்ததால் எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். விரல் நோகிறது என்று முனகினேன். அண்ணன் சொன்னார்: “சாப்பாடு வந்துட்டிருக்கும்போதே எலையை மடிச்சிட்டு எந்திரிச்சா, பரிமாறறவன் என்னம்மா பண்ணுவான்?”

பாதி ஊர்

அடுத்தது மாதேஷ் செய்தது. என் தப்பை மட்டும் சொன்னால் நியாயமில்லை. பட்டியலை ஒரு தடவை அச்சடித்துக் காட்டச் சொன்னார், முகாம்காரர்கள் சார்பில் வருகிற கோவிந்தன் வாத்தியார். ‘வேலை முடிந்தது’ என்று ஸ்க்ரீனில் வந்ததுமே மாதேஷ் பிரிண்டரை அணைத்துவிட்டான். கம்ப்யூட்டருக்கு வேலை முடிந்தது, சரி. பிரிண்டருக்கு முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதன் வயிற்றுக்குள் இன்னும் சில வரிகள் இருந்தன. அணைத்ததும் அவை போய்விட்டன.

பாப்பாரப்பட்டிப் பெயர்கள் நடுவிலேயே நின்றிருந்தன. வாத்தியார் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. “ஏம்ப்பா, பாப்பாரப்பட்டியில பாதி ஊருக்குத்தான் கண்ணு மங்குதா?”

சத்தம் போடாத தப்பு

கம்ப்யூட்டரில் ஏதாவது தப்பு என்றால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், ஸ்க்ரீனில் இங்கிலீஷில் ஒரு வரி வரும், புரோகிராம் நின்றுவிடும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கஸ்டமர்கள் எட்டிப் பார்த்து, “கெட்டுப்போச்சுங்களா?” என்பார்கள். பாய்க்கு மானம் போகும். அதை நிறுத்தச் சொல்லிக் குமரேசண்ணனிடம் ஒரே பிடியாகப் பிடித்தார்.

அண்ணன் புரோகிராமின் தலையில் ஒரு வரி எழுதினார்: எந்தத் தப்பு வந்தாலும் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ. அவ்வளவுதான், சென்டர் அமைதியாகிவிட்டது. எப்போது பார்த்தாலும் ‘வேலை முடிந்தது’. இது சரியில்லை என்று நான் சொன்னேன். பெயர் எழுதும்போது தப்பு வந்தால் எப்படித் தெரியும்? மூடும்போது வந்தால்? “மூடறதுல என்னம்மா தப்பு வரப்போவுது, கதவைச் சாத்தற மாதிரிதானே” என்றார் அண்ணன். நான் விடவில்லை. பாய் உள்ளே வந்து பஞ்சாயத்தை முடித்துவைத்தார்: “தப்பு வந்தா வரட்டும்மா, சத்தம் போடாம வரட்டும்.”

வேப்பமரத்தூர்

முகாமுக்கு முதல் நாள். காலையிலேயே ஊர்வாரியாக அடுக்கி வேறொரு ஃப்ளாப்பியில் எழுதி, முழுப் பட்டியலையும் அச்சடித்தாயிற்று. ‘வேலை முடிந்தது’. பிரிண்டர் ஓயும்வரை மாதேஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாலு மணிக்கு வாத்தியார் வந்து வாங்கிக்கொள்வார். மணி இரண்டு. மாதம்மாக்கா வாசலுக்கு வந்தார். “எம் பேரு ஏறிடுச்சுங்களா?”

எனக்கு அலுத்துவிட்டது. இந்தக் கேள்வியை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று பட்டியலைத் தூக்கிக்கொண்டு போனேன், விரல் வைத்துக் காட்ட. அவருக்குக் கண் தெரியாது என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. கடைசித் தாளைப் புரட்டினேன். வேப்பமரத்தூரே இல்லை. அக்கா ஊர் அதுதான். பதினோரு பேர், ஊரோடு காணோம். “சீட்டு குடுத்திருக்க மாட்டாங்க” என்றான் மாதேஷ். “நான் வாங்கினேன்டா!” என்று கத்தினேன். அக்கா புளி அப்பிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

குமரேசண்ணன் முகம் வெளுத்துவிட்டது. தான் எழுதிய அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். எல்லாப் பெயரும் ஒழுங்காக உள்ளே போயிற்று, ஒரு தகராறும் இல்லை. ஃபைலை மூடுகிற வரி வந்தது. கீச்! ஃப்ளாப்பியில் இடமில்லை. புதிது என்று போட்டது, ஏற்கெனவே முக்கால்வாசிக்கு மேல் நிறைந்த பழையது. கையில் மிச்சமிருந்த கடைசிக் கத்தையை இறக்கி மூடும்போதுதான் கம்ப்யூட்டருக்கே இடமில்லை என்று தெரிந்திருக்கிறது. காலையிலும் அது சொல்லத்தான் பார்த்தது. நாங்கள்தான் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தோம்.

வேறு ஃப்ளாப்பி போட்டோம். மூடியதும் தப்பு வந்ததா என்று கேட்க அண்ணன் இரண்டு வரி சேர்த்தார். நான் சும்மா இருக்கவில்லை. மூடிய ஃபைலைத் திரும்பத் திறந்து பெயர்களை எண்ண வைத்தேன், சீட்டுகளை நான் எண்ணினேன். இரண்டும் சரி. வாத்தியாரின் சைக்கிள் மணி கேட்டபோது கடைசித் தாள் வெளியே வந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தூர், பதினோரு பேர், ஆறாவதாக மாதம்மாக்கா. வாசலில் போய்ச் சொன்னேன், இந்தத் தடவை பார்த்துவிட்டு. அதுவரை ஓரமாக நின்ற பாய் தொண்டையைச் செருமினார்: “சத்தம் போட்டா போட்டுட்டுப் போவுதும்மா, கஸ்டமருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து நான் சமாளிச்சுக்கறேன்.”

கட்டு அவிழ்த்த பிறகு

மறுநாள் காலை வேலையை விட்டுவிட்டு பஸ்ஸடியில் போய் நின்றேன். வாத்தியார் பெயர் படித்தார். மாதம்மாக்கா ஏறினார். ஏறிய பிறகும் எனக்கு நம்பிக்கையில்லை. பஸ் கிளம்பி ரோட்டில் திரும்பியதும்தான் சென்டருக்கு வந்தேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள் அக்கா வந்து நின்றார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மண்டியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்களாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார், அதைப் பெரிதாக மதித்த மாதிரி தெரியவில்லை. பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயா அது? தெனமும் வெரட்டின வெரட்டுக்கு நாப்பது வயசு இருக்கும்னு நெனச்சு வாங்க போங்கன்னேனே, சுண்டைக்கா மாதிரி இருக்கற!”

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ‘வேலை முடிந்தது’ என்று சொன்னால், எங்கள் சென்டரில் அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது.