டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

எனக்குச் சிங்களம் தெரியும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரியவந்த நாளோடு என் ஓய்வு போயிற்று. கலியாணத்துக்கு முன்னால் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன். அந்த வீட்டு எஜமானி நோனா திட்டத் திட்டக் கற்றுக்கொண்ட பாஷை அது. இப்போது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனபிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளை வைத்துக்கொள்கிற வேலை. அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாமல் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி, பொலிஸ், கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயம் என்று எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் அவர்களுக்கு வாயாக நான் போகவேண்டும்.

"அக்கா, நாளைக்குக் கொஞ்சம் வாங்களேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வந்த புண்ணியத்தையெல்லாம் சேர்த்துவைத்திருந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன். ஆனாலும் போனேன். முடியாது என்று சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் வரவில்லை.

போய்ப் போய்த்தான் ஒன்று விளங்கியது. கெட்ட செய்தியை முதலில் கேட்கிறவள் நான். டாக்டர் என்னைப் பார்த்துப் பேசுவார். நோயாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் சொல்லி முடித்து, நான் வாயைத் திறக்கும் வரைக்கும் அந்த நோய் எனக்குத்தான். வயிற்றில் கட்டி, இருதயத்தில் அடைப்பு, கலைந்துபோன கரு, எல்லாம் முதலில் என் நெஞ்சில் இறங்கிவிட்டுத்தான் உரியவர்களிடம் போகும். அவர்களிடம் போகும்போது, "பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்று ஒரு வார்த்தையை நானாகச் சேர்த்துவிடுவேன். டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அதைக் கேட்டதும் அந்த முகம் கொஞ்சம் தளரும், எழுந்து நடப்பார்கள், பஸ் ஏறுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரவாவது அது உதவட்டும் என்று நினைத்தேன். அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் வாயாகப் போய்க்கொண்டிருந்த வருடத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கால் போகிற நிலை வந்தது.

அவர் கவ்வாத்துக்காரர். உயர்ந்துபோன தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிற வேலை. வெட்டின மிலாறுக் குச்சியெல்லாம் சாய்வாக, ஆணிபோல் கூராகத் தரையில் கிடக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வந்து பூட்ஸைக் கழற்றினபோது காலுறை நனைந்து சிவப்பாக இருந்தது.

"அட்டையாத்தான் இருக்கும்," என்றார்.

"வேற என்னவா இருக்கப் போகுது," என்றேன் நானும்.

எங்கள் ஊரில் காலில் இரத்தம் என்றால் யாரும் இரண்டாம் தடவை பார்க்கமாட்டோம். மழை நாளில் அட்டை கடிக்காமல் வீடு வந்தவர் யார்? வலிக்கவில்லை என்றார். அட்டைக் கடி வலிக்காதுதானே. விரலில் கொஞ்சம் சுண்ணாம்பெடுத்துத் தடவிவிட்டு, நான் ரொட்டி சுடப் போய்விட்டேன். மறுநாள் பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று பூட்ஸைத் திட்டினார். அடியில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை எப்படி வந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மிலாறு ஒன்று பூட்ஸைத் துளைத்துக் காலுக்குள் ஏறி ஒடிந்திருக்கிறது. சீனி வியாதி அவருடைய பாதத்தை முன்பே மரத்துப்போக வைத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு ஊரில் இருந்திருந்தால் இரத்தத்தைப் பார்த்ததும் பதறியிருப்பார்கள். எங்களுக்கு அட்டை இருந்தது, காரணம் சொல்ல.

பாதம் வீங்கி, விரல் கறுத்து, நாற்றம் வந்தபிறகு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாட்டில் படுக்கவைத்துக் கழுவிக் கழுவிக் கட்டினார்கள். கடைசியில் ஒரு காலையில் டாக்டர் வந்தார், சின்ன வயது சிங்களப் பையன். என்னை 'அம்மே' என்று கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறும், பிறகு ஆளைக் காப்பாற்ற முடியாது.

இவர் கட்டிலில் இருந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள சொல்றாரு?"

"காலுல கொஞ்சம் ஆபரேசன் செய்யணுமாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்."

"பயப்பட ஒண்ணுமில்லன்னு அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

பக்கத்து வீட்டுக்காரியை, கீழ் லயத்துக்காரரை, எத்தனையோ பேரை நான் கூட்டிக்கொண்டு வந்து இறங்கும்போது, எல்லோருக்கும் இதே வார்த்தையை நான் சொல்வதை இவர் வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். என் தொழில் ரகசியம் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நான்தான் சொல்றேன்," என்றேன்.

"அப்ப அவரு சொன்னத சொல்லு."

சொன்னேன். அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எழுந்து உட்கார்ந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போவோம்," என்றார். நான் கத்தினேன், அழுதேன், நர்ஸ் மிஸ் வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். இவர் அசையவில்லை. தன் பொறுப்பில் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆட்டோவில் வரும்போதுதான் காரணத்தைச் சொன்னார். "நம்ம லயத்துக்கு ரோட்டுலருந்து எத்தன படின்னு ஒனக்குத் தெரியாதா? பைப்படிக்கு எறங்கணும். கக்கூசுக்கு எறங்கணும். மழை பேஞ்சா ரெண்டு கால் உள்ளவனே வழுக்கி விழுறான். ஒத்தக் கால வச்சுக்கிட்டு இந்த மலையில நான் என்னத்தப் புடுங்குறது?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்தால் லயமே கூடிவிட்டது. ஆளுக்கொரு மருந்து, ஆளுக்கொரு புத்தி. ராகலையில் ஒரு வெதமாத்தயா, நாட்டு வைத்தியர், எண்ணெய் போட்டே ஆற்றிவிடுவாராம். கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்தால் போதுமாம். ஒருத்தி வாசலிலேயே நின்று, "பட்ட கால்லயே படும், கெட்ட குடியே கெடும்" என்று பெருமூச்சு விட்டாள். நான் விளக்குமாற்றை எடுத்தேன். அவளை அடிக்க இல்லை, வாசலைக் கூட்டத்தான். ஆனால் அவள் போய்விட்டாள், அந்தவரைக்கும் நிம்மதி.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு கனக்கிறது. காலையில் கட்டை அவிழ்த்துக் கழுவிக் கட்டிவிட்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடவேண்டும். அங்கே பதினோரு குழந்தைகள். ஒன்றை மடியில் போட்டுத் தட்டினால் நான்தான் முதலில் தூங்கிவிடுவேன். ஒரு நாள் குழந்தை என் கன்னத்தில் தட்டி என்னை எழுப்பியது. சாயங்காலம் வந்தால் நாற்றம் வாசலிலேயே வரும். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பிட்டீங்களா என்றால், ம். வலிக்குதா என்றால், ம். இரண்டு பேருக்கும் ஒரே பாஷை, இருந்தும் பேச்சில்லை. அவர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? செத்துத் தொலையுங்க என்றுகூட மனசுக்குள் சொன்னேன். சொன்ன மறுநொடியே போய் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். இரண்டும் உண்மைதான். சலித்துப்போன மனசுக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் என்று நான் படித்தது அப்போதுதான்.

இதை எழுதும்போதுகூட அவர் உள்ளேயிருந்து தேத்தண்ணி கேட்டுக் கத்துகிறார். கத்தட்டும்.

பிறகு காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது, பேச்சு குழறியது. யாரையும் கேட்கவில்லை நான். லயத்து ஆட்கள் நாலு பேர் கம்பளியில் அவரைக் கிடத்தித் தூக்கி, தேயிலைக்கு நடுவால் ரோட்டுக்கு இறக்கினார்கள். ராகலை எண்ணெய் என்று சொன்னவரும் அதில் ஒரு மூலையைப் பிடித்திருந்தார். வழியெல்லாம் மழைத் தூறல். ஒருவரும் புத்தி சொல்லவில்லை.

அதே வாட்டு, அதே டாக்டர். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, இவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தபிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்றைக்கு எடுத்தால் ஆள் மிஞ்சுவார், நாளைக்கு என்றால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது, அவர் சம்மதம் இல்லாமல் தொடமுடியாது, கேட்டுச் சொல்லுங்கள் அம்மே என்றார்.

கட்டிலுக்கு வந்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவரு சொன்னத சொல்லிட்ட. நீ என்ன சொல்ற புள்ள?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. டாக்டர் என்ன சொன்னார், பொலிஸில் என்ன சொன்னார்கள், கச்சேரி ஐயா என்ன சொன்னார் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அடுத்தவர்கள் பேச்சைச் சுமந்து சுமந்து என் பேச்சை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அது தானாகவே வந்தது, வாட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி.

"நான் என்னத்தங்க சொல்லுவேன்? ரெண்டு காலோட ஒங்களப் பொட்டியில வச்சுத் தூக்குறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? ஒத்தக் காலோட வீட்டுல கெடங்க. கத்துங்க, திட்டுங்க, வேல வாங்குங்க. படியில நீங்க எறங்கவே வேணாம், தண்ணி நான் மேல கொண்டாறேன். எனக்கு நீங்க வேணும்ங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் உதடு கொஞ்சம் கோணியது.

"கக்கூசுக்கு?"

"தூக்கிட்டுப் போறேன்."

"நீயா? ஒரு கொழுந்துக் கூடையத் தூக்க ஒனக்கு வக்கில்ல."

"ஏன், நான் என்ன குத்துக்கல்லா நிக்கப் போறேன்? ஒங்களத் தூக்கித் தூக்கிப் பழகிக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. என் கையைப் பிடித்தார், காய்ச்சலில் அந்தக் கை கொதித்தது.

"சரி. போயிச் சொல்லு."

டாக்டர் வாட்டின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தார். நடந்துபோய் அவர் முன்னால் நின்றேன். சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை. இத்தனை வருடம் இத்தனை பேருக்காகப் பேசின பாஷை, ஒரு சொல்லாவது வரவேண்டுமே, வரவில்லை.

"வெட்டிருங்க ஐயா," என்றேன், தமிழில்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போனார்.

நான் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்."