அம்மாவின் செண்பகம்

எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டம் நிஜமாகவே தோட்டம்தான். மிஷன் காலத்தில் வந்த வெள்ளைக்காரர்கள் நடைபாதை வெட்டி, இரண்டு பக்கமும் மரம் வைத்து, கடைசியில் தாங்களும் தங்கள் கைக்குழந்தைகளுமாக அதற்குள்ளேயே படுத்துக்கொண்டார்கள். அவர்கள் வைத்த செண்பகத்தின் அடியில்தான் எங்கள் அம்மா இருக்கிறாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே குழி. முதலில் போனவரின் கல்லறையைத் திறந்து, பின்னால் போகிறவரையும் அதிலேயே வைப்பார்கள். அம்மா போன பிறகு அப்பா அந்த ஒன்றை நம்பித்தான் தெம்பாக இருந்தார். "எனக்கென்ன, எனக்கு எடம் ரெடி" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்ச நாளாக அந்தப் பேச்சையே காணோம். விட்டது சனியன் என்று நானும் இருந்துவிட்டேன்.

போன ஈஸ்டருக்கு முன்னால் வெள்ளையடிக்கப் போய்ப் பார்த்தால், அம்மாவின் கல்லறை பிளந்து கிடந்தது. செண்பகத்தின் வேர் என் கை தண்டிக்கு உள்ளே இறங்கியிருந்தது. குழி வெட்டுகிறவர் வந்து பார்த்தார். மரத்தை வெட்டினால்தான் இனி இந்தக் குழியைத் திறக்க முடியும், வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கமிட்டியில் சொல்லுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கலந்து பேச என்ன இருக்கிறது? ஊரில் வேறு மரமே இல்லையா?

"வெட்டச் சொல்லிருவோம்ப்பா."

அப்பா குனிந்து வேரைத் தடவினார்.

"வெட்டாண்டாம் மக்ளே. ஒங்க அம்மைக்கு வெயிலு ஆவாதுல்லா."

அது உண்மைதான். கொஞ்சம் வெயில் பட்டாலும் அம்மா தலைவலி என்று படுத்துவிடுவாள். கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போனால் அப்பாதான் குடை பிடிப்பார். குடை முழுக்க அம்மா தலைக்கு மேல் இருக்கும், அப்பா வெயிலில் நடப்பார். ஊரே கேலி பேசும்.

"அப்போ நீங்க எங்க கெடப்பீங்க?"

கோபத்தில் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

அப்பா கிழக்கே சுவரோரமாகக் கையைக் காட்டினார். அங்கே வெறும் புல்தான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அங்க ஒரு எடம் கெடக்கு. கமிட்டில அப்பமே கேட்டு வச்சுட்டேன்."

"இந்த வெயில்லயாப்பா?"

"இப்பந்தான் வெயிலு. சாயங்காலம் இந்த மரத்துக்க நெழலு அங்க வந்திரும். நான் தெனமும் பாக்கேன்லா."

சாயங்காலமானால் அவர் டீக்கடைக்குப் போகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போனேன். அங்கே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் புல் அமுங்கிக் கிடந்தது.