பொன்னுசாமி அண்ணன் ரீடிங் மட்டும் இன்னும் வரவில்லை

பொன்னுசாமி அண்ணன் இறந்துவிட்டார். முந்தாநாள் காலை, சேந்தமங்கலம் பக்கம் அவருடைய மரவள்ளிக்கிழங்குக் காட்டில், மழை அளக்கப் போன இடத்தில்.

காற்றில் அறுந்த மின்கம்பி ஈரத்தரையில் கிடந்திருக்கிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன்... பார்க்கவில்லை.

அவர் எங்கள் மழை குரூப் மெம்பர். நான் அதன் அட்மின். சேலம் அம்மாபேட்டையில் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாவட்டத்து மழைக்கும் அதிகாரி மாதிரி நடந்துகொள்கிற ஆள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் ஆளுக்கொரு மழைமானி வைத்திருக்கிறோம், கேஜ் என்போம். தினமும் காலை எட்டரைக்கு அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து குரூப்பில் போட வேண்டும். எட்டரை என்றால் எட்டரை.

அன்று எல்லோரும் போட்டுவிட்டார்கள். எட்டே முக்காலுக்கு நான் எழுதினேன்: "பொன்னுசாமி அண்ணா, உங்க ரீடிங் மட்டும் இன்னும் வரல. லேட்டா வந்தா ஏத்துக்க மாட்டேன்."

அப்போது அவர் உயிரோடு இல்லை.

பத்து மணிக்கு அவர் நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. அவர் மகள் போட்டிருந்தாள். "அப்பா இறந்துட்டாங்க. கேஜ் பாக்கப் போனப்ப கரண்ட் அடிச்சிருச்சு."

அதற்குக் கீழே ஒருவர் எட்டரைக்கு மேல் ஏற்காட்டில் பெய்த கணக்கைப் போட்டார், மூன்று நெருப்புப் படத்தோடு. இன்னொருவர், "ஓம் சாந்தி. அண்ணன் ஏரியால இன்னிக்கு எவ்வளவுன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்கிற கூட்டம் நாங்கள். அதற்கு நான் தலைவன்.

இந்தக் குளிர்காலம் முழுக்க மழை விடவே இல்லை, உங்களுக்கே தெரியும். புயல் ஒன்று கரைப்பக்கம் திரும்பியபோது குரூப்பே "வா ராசா வா" என்று கூத்தாடியது. அண்ணன் ஒரு வரி எழுதினார். "காட்டுல குச்சிக்கிழங்கு அழுகுதுங்க. இந்தத் தடவ கொஞ்சம் தள்ளிப் போனாத் தேவலைங்க."

"இது வானிலை குரூப், விவசாய குரூப் இல்ல" என்றேன்.

"தப்புத்தானுங்க தம்பி" என்றார். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

அப்புறம் ஒரு நாள் அவர் நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று போட்டார். சுற்றுவட்டாரத்தில் யாருக்குமே முப்பதைத் தாண்டவில்லை. "அண்ணா, அது வானத்துத் தண்ணியா, வீட்டு ஓட்டுல வடிஞ்ச தண்ணியா?" என்று கேட்டேன். இருநூறு பேர் சிரித்தார்கள். இரண்டு நாள் ஓடியது அந்தச் சிரிப்பு. ஸ்டிக்கர்கூடச் செய்தார்கள்.

அன்று சாயங்காலமே கொல்லிமலை அடிவாரத்து ஓடை ரோட்டை அறுத்துக்கொண்டு போன வீடியோ வந்தது. அவர் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பார்த்தேன். அவர் அளந்தது சரி என்று எனக்குத் தெரிந்துபோனது. வாயைத் திறக்கவில்லை. அட்மின் அல்லவா... கௌரவம்.

அதற்குப் பதில் ரூல் போட்டேன். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளித்தான் கேஜ் இருக்க வேண்டும். எட்டரைக்கு, வைத்த இடத்திலேயே போட்டோ எடுக்க வேண்டும். யாருக்காகப் போட்ட ரூல் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாளே அண்ணனிடமிருந்து வாய்ஸ் நோட். "தம்பி, ஊட்டுக்கிட்ட எங்க வெச்சாலும் செவுறு மறைக்குதுங்க. காட்டுக்குள்ள தள்ளி வெச்சிருக்கறனுங்க. மேல ஒரு கரண்ட் கம்பி போகுது... பரவால்லீங்களா?"

கூடவே வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் இல்லை, மரம் இல்லை.

"கம்பி மழைய மறைக்காதுண்ணா. லொகேஷன் ஓகே" என்று அனுப்பினேன்.

அந்த மெசேஜ் இன்னும் அப்படியே இருக்கிறது. அழிக்கப் போவதில்லை.

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். குரூப்பிலிருந்து நான் ஒருவன்தான். எடுத்து முடித்துச் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

"நீங்கதானுங்களா சேலத்துத் தம்பி?"

"ஆமாங்கம்மா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் கேஜை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மேலே ஒரு தட்டம் போட்டு மூடியிருந்தது.

"நேத்து மத்தியானமும் மழை வந்துச்சுங்க. அது இதுல சேந்துறக் கூடாதுன்னு, கரண்ட நிறுத்துன ஒடனே எடுத்தாந்து மூடி வெச்சுட்டனுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் கீழ ஊத்தோணும்னு சொல்லுவாருங்க. பாத்துச் சொல்லுங்க சாமி."

ஆமாம், அதுவும் என் ரூல்தான்.

வாங்கி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. நிற்கிறவரை அந்தம்மா எதிரிலேயே காத்திருந்தார்.

"அறுபத்துநாலுங்கம்மா."

"சரியாத்தானுங்க இருக்குது? அன்னிக்கு எல்லாருஞ் சிரிச்சீங்கன்னு ரெண்டு நாளு சோறு திங்கலீங்க அவரு."

"சரியா இருக்குதுங்க" என்றேன். அந்தம்மா கேஜை வாங்கி வாசலில் கவிழ்த்தார்.

அங்கே சொல்ல வராததை இங்கே எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

பொன்னுசாமி அண்ணா, அறுபத்துநாலு... ஓகே. அன்றைக்கு நூற்று நாற்பத்திரண்டு, அதுவும் ஓகே.

போய் வாங்கண்ணா.