கொம்பொடிந்த மாடு

பிள்ளைகளா, கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்னட்டையைத் திருப்பி, எழுதியவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தேடுவது உங்கள் இருவருக்கும் பழக்கம். ஒருவர் தபால் ஆபீசில் இருப்பார், இன்னொருவர் கல்லூரியில் பாடம் எடுப்பார். நம் வீட்டில் உள்ள ஒரு புத்தகத்தில் மட்டும், 'விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைத் தொழிலாளியாக இருந்தவர்' என்று ஒரே வரி. இவர் எப்படி எழுத்தாளர் ஆனார் என்று கேட்டீர்கள். என் இடது கை ஏன் முழுதாக நீளுவதில்லை என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். எட்டாவது படித்தவன், எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவரும் நானும் ஒரே மேசையில் வேலை. கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி காளை, யானை, பிள்ளையார் என்று வார்ப்போம். ஊற்றிய மண் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் பீடி பிடிப்போம், அவர் எழுதுவார்.

அப்படித்தான் அவருடைய சித்தப்பாவைப் பற்றியும் எழுதினார். பிடித்தவனைக் கட்டிக்கொள்வேன் என்ற சொந்த மகளை, அந்த மனிதர் கிணற்றடித் தூணில் கட்டி மாட்டுக்கயிற்றால் அடித்தார். பேர்களை மாற்றி, ஊரைத் திட்டக்குடிக்கு அந்தப்பக்கம் தள்ளி எழுதியவர், அடித்து ஓய்ந்தபின் அந்த அப்பன் நிதானமாகத் தவிடு கலக்கி வைத்த கொம்பொடிந்த மாட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். அவர்கள் ஊரான கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஆளுக்கு அடையாளம் அவன் மாடுதான். அந்தக் கதை வந்த பத்திரிகையை டீக்கடையில் யாரோ உரக்கப் படிக்க, கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை சித்தப்பா இரண்டு மகன்களோடு பட்டறைக்குள் வந்தார்.

"எவண்டா அது, எங்க வூட்டு மாட்டப் பத்திரிகையில கொண்டாந்து கட்டனவன்?"

"வாங்க சித்தப்பா. டீ சொல்லட்டுமா?"

"ஊரே சிரிக்குது, ஒனக்கு டீயா? புத்தகமா வேற வருதாமே. அதுல இது இருக்கக்கூடாது. அத்தனையும் பொய்யின்னு சொல்லு."

"மாட்டுக்கு வேணும்னா ஒரு கொம்பு வெச்சுத் தரேன். மத்தது நடந்ததுதானே?"

மகன்கள் அவரை மேசைமேல் கவிழ்த்து வலது கையை அழுத்திப் பிடித்தார்கள். மண் கலக்கும் இரும்பு ராடை சித்தப்பா எடுத்தார். "எழுதுடா. இப்ப எழுது." முதல் அடியில் காலி அச்சு உடைவதுபோல் சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினார். நான் குறுக்கே விழுந்தேன். அடுத்த அடி என் முழங்கையில் இறங்கியது. பொம்மை அடுக்கு சரிந்தது. வெள்ளைக் கரைசலில் ரத்தம் விழுந்து பரவியது. அப்புறமும் அடித்தார்கள். சூளைக்காரர்கள் விறகுக் கட்டையோடு ஓடிவந்த பிறகுதான் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய விரல்கள் மூன்று, திசைக்கு ஒன்றாக நின்றன. "போதும்பா. அந்தக் கதைய எடுத்துடச் சொல்லிடறேன். எழுதறதுக்கும் சோத்துக்கும் எனக்கு இருக்கறது இந்த ஒரு கைதான்" என்றார்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள், வீட்டுக்குத் தெரியாமல். கழுத்தில் கயிற்றுத் தழும்பு இருந்தது.

"அண்ணே, அத எடுத்துடாதீங்க. என்னை அடிக்கறப்ப ஊரே நின்னு பாத்துச்சி. நடந்துச்சின்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தார். "மாட்டையாவது மாத்திடட்டுமாம்மா?"

"வேணாம். அதுவுந்தான் பாத்துச்சி."

புத்தகம் அந்தக் கதையோடு வந்தது. விரல் மடங்காததால் அவர் பட்டறைக்குத் திரும்பவில்லை. இடது கையால் எழுதப் பழகினார்.

புத்தகம் என் கைக்கு வந்த அன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் அச்சைத் திறந்து ஈரக் காளை ஒன்றை வெளியே எடுத்தேன். ஒரு கொம்பை நகத்தால் கிள்ளினேன். ஒடிந்த இடத்தை ஈரப் பஞ்சால் தடவிவிட்டு, சூளைக்குப் போகும் தட்டில், மற்றக் காளைகளுக்கு நடுவே வைத்தேன்.