அடுப்பின் முன்னால் சிரித்த படம்

சாட்சிக் கூண்டுக்கு இரண்டே படிதான். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். உடனே பயம் வந்துவிட்டது. வலிக்காகத்தான் பிடித்தேனா, நீதிபதி பார்க்கிறார் என்று பிடித்தேனா?

கிழக்கேகோட்டையில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு கார் என்னை இடித்துத் தள்ளி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடிபட்டது முதுகுத்தண்டின் கீழ்ப்பக்கம். வீட்டில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள், அதன்பிறகு கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் ஆனேன். வெளியே ஒரு தழும்புகூடக் கிடையாது. ஸ்கேன் படத்திலும் டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினால்தான் தெரியும். நஷ்டஈட்டு வழக்கில் எனக்கென்று இருந்தது என் வாய் மட்டும்தான். அதை நம்பினால் உண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. தரையில் உட்காரவே முடியாது என்று வாக்குமூலத்தில் இருக்கிறதே, சரிதானா என்று மலையாளத்தில் கேட்டார். சரி என்றேன். எங்கள் வக்கீலிடம் நான் சொன்னது, ‘கொஞ்ச நேரத்துக்கு மேல் முடியாது’ என்று. அவர் அந்தக் கொஞ்ச நேரத்தை விட்டுவிட்டார். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது; காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கம்பெனி வக்கீல் ஒரு படத்தை நீட்டினார். ஆற்றுக்கால் பொங்காலை; அம்மனுக்குப் பெண்கள் பொங்கலிடும் நாள். தெருவெல்லாம் செங்கல் அடுப்பு, புகை. நடுவில் நான் சம்மணமிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

“இது நிங்ஙள் தன்னே அல்லே?”

“அதே,” என்று ஆமாம் சொன்னேன்.

“நிலத்தல்லே இரிக்குன்னது?” என்று படத்தில் தரையைத் தொட்டுக் காட்டினார்.

“அதே. கொஞ்ச நேரம்...”

“மதி,” என்றார். போதுமாம்.

முதுகு சரியாகவேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் அந்தப் பொங்காலையே இட்டேன். கல் அடுக்கியது, தண்ணீர் சுமந்தது, பானையை இறக்கியது எல்லாம் நாத்தனார். அரிசியிட மட்டும் நான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி போனை நீட்டி, சிரிக்கச் சொன்னாள். சிரித்துத் தொலைத்தேன். அதன்பிறகு மூன்று நாள் கட்டிலை விட்டு எழவில்லை. அதை யார் படம் எடுக்கப்போகிறார்கள்? அவள் படத்தை ஃபேஸ்புக்கில் போட, அது கோர்ட்டுவரை வந்து சேர்ந்துவிட்டது. வேண்டுதலுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வக்கீலிடம் நான் வாயே திறக்கவில்லை. அவ்வளவு அறிவு எனக்கு.

எங்கள் வக்கீல் எழுந்து மறுபடி கேள்வி கேட்டார். நாத்தனாரையும் அந்த மூன்று நாளையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கதை கட்டுகிற மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். அது வலியில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. நீதிபதி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த தேதியைச் சொல்லிவிட்டு வேறு வழக்குக் கட்டை எடுத்தார்.

வெளியே வந்தோம். வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அன்று எனக்காகக் கடையை அடைத்திருந்தார். இரண்டு வருடமாக எனக்கு வெந்நீர்ப் பை வைப்பவர், குனிய முடியாதபோது செருப்பு மாட்டிவிடுபவர். யார் நம்பாவிட்டால் என்ன, இவருக்குத் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் மூச்சே சீரானது.

“பயப்படாண்டாம்,” என்றார். “கடைசீல அழுதேல்லா, அது நல்லா எடுபட்டுது, கேட்டியா. நானே நம்பிட்டேன்.”

ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. உயிர் போகிற மாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருக்குக் கேட்கும்படி முனக எனக்குப் பயமாக இருந்தது.